மாமனாருக்கும் எனக்கும் ஒரே பெயர்

பெயர் என்பது அடுத்தவர் கூப்பிடுவதற்காக நமக்கு வைக்கப்படுவது. நம்மை நாமே கூப்பிட்டுக்கொள்வதில்லை. இந்தச் சின்ன விஷயம் என் மண்டையில் ஏற, மாமல்லபுரம் கடற்கரையில் ஊரே பார்க்க என் மானம் போகவேண்டியிருந்தது.

என் பெயர் ஜோதி. செங்கல்பட்டில், கார்த்திகை தீபத்துக்கு முதல் நாள் பிறந்தவள். பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று தெரியும் முன்பே அப்பா பெயரை முடிவு செய்துவிட்டார். எதுவாக இருந்தாலும் ஜோதி. அப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் அப்படித்தான். எங்கள் தெருவிலேயே பெரிய மீசை வைத்த ஜோதி ஒருவர் தையல் கடை நடத்தினார். எதிர்வீட்டில் ஜோதி டீச்சர் இருந்தார். நான் பள்ளிக்கூடம் போவதற்குள் காற்று மாறிவிட்டது. என் வகுப்பில் இருந்த ஜோதிகளில் ஒருவன் மட்டும்தான் பையன். அவனும் கிண்டல் தாங்காமல் பாதியிலேயே ‘ஜோ’ ஆகிவிட்டான்.

எனக்குப் படூரில் வரன் அமைந்தபோது மாப்பிள்ளையின் அப்பா பெயரும் ஜோதி என்று தெரிந்தது. ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். பெண் பார்க்க வந்த இடத்தில் ஆண்கள் எல்லாரும் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். “பேர்ப் பொருத்தம் இதுக்கு மேல வேணுமா?” என்றார் தரகர். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“அப்போ நான் இந்தப் பொண்ண இன்னான்னு கூப்புடறது?”

எல்லாரும் அவரவர் தட்டில் குனிந்துகொண்டார்கள். (கேசரி அவ்வளவு நன்றாக இருந்தது.)

அத்தை, புருஷன் பெயரை வாயால் சொல்லாத ரகம். என் கணவர் பெயர் பிரபு, அதனால் மாமா ‘பிரபு அப்பா’. ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயரைக் கேட்டால் கார்டை நீட்டுவார். திருவண்ணாமலை தீபத்தைப் பற்றிப் பேசினால்கூட “மலை மேல ஏத்துவாங்களே, அது” என்பார். அந்த வாயில் என் பெயர் எங்கிருந்து வரும்?

கல்யாணமான மறுநாள் என்னிடம் வந்து, “தீபான்னு கூப்புடட்டுமாம்மா? ரெண்டும் ஒண்ணுதானே?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். இன்று யோசித்தால் இதைவிட நியாயமான சமாதானம் கிடையாது. ஆனால் அன்று நான் ஓஎம்ஆரில் ஐடி வேலை பார்க்கும் புதுப்பெண். உலகத்தைத் திருத்தும் கூடுதல் பொறுப்பும் என்னிடம்தான் இருந்தது. “என் பேரு ஜோதி, அத்தை. அப்படியே கூப்பிடுங்க” என்றேன். (சொல்லும்போது முகவாயைத் தூக்கினேனாம். என் கணவர் சொல்கிறார். நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.)

அன்றிலிருந்து நான் ‘இந்தாம்மா’ ஆனேன். இந்தாம்மா, பால் பொங்குது. இந்தாம்மா, சாப்பிட்டியா. வந்த வீட்டில் எனக்கென்று ஒரு பெயர் இல்லை என்பது நிஜமாகவே வலித்தது. பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதும் இருக்கிறேன். பிறகு வீராங்கனையாக ஒரு முடிவெடுத்தேன். ‘இந்தாம்மா’ என்றால் திரும்புவதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை எனக்குக் காது கேட்காது.

இந்தப் போராட்டம் ஜோராக நடந்துகொண்டிருந்தபோது மாசி மகம் வந்தது. பிரபுவுக்கு லீவு கிடைக்கவில்லை. மாமா, அத்தை, நான் மூவரும் மாமல்லபுரம் போனோம். “தண்ணியில போட்டுடப் போற, குடு” என்று என் போனையும் பர்ஸையும் செருப்பையும் வாங்கி அத்தை தன் கூடையில் வைத்துக்கொண்டார். மாமா கடலில் குளிக்க இறங்கினார். சாமி கரைக்கு வருகிறது என்று சத்தம் கேட்டதும் நான் எட்டி நடந்தேன்.

“இந்தாம்மா! அங்க போவாத! கும்பலா கீது! இந்தாம்மா!”

கூட்டத்தில் இருந்த பல மருமகள்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் திரும்பவில்லை. கொள்கை என்றால் கொள்கை.

கொஞ்ச தூரம் போய் ஓரக்கண்ணால் பார்த்தேன். அத்தையைக் காணோம். முழுசாகத் திரும்பிப் பார்த்தேன். அப்போதும் காணோம். கையில் போன் இல்லை. யாரிடமாவது வாங்கிப் பேசலாம் என்றால் ஒருவர் நம்பரும் மனப்பாடம் இல்லை. பள்ளியில் படித்த செய்யுள் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது, கட்டிய கணவனின் நம்பர் மட்டும் வரவில்லை. மணல் வேறு சுட ஆரம்பித்தது.

அப்போதுதான் ஒலிபெருக்கி கரகரத்தது. குழந்தைகள் தொலைந்துபோனால் சொல்வதற்காகப் போட்டிருந்த பந்தலிலிருந்து ஒரு இளைஞனின் குரல்.

“படூரைச் சேர்ந்த மருமகள் ஒருவரைக் காணவில்லை. மஞ்சள் சுடிதார் அணிந்திருப்பார். பெயர்... யம்மா, பேரு சொல்லும்மா.”

“அத நான் சொல்லக்கூடாதுப்பா” என்றது அத்தையின் குரல். மைக்கை யாரும் அணைக்கவில்லை.

“ஏம்மா?”

“அது எங்கூட்டுக்காரர் பேரு.”

“அவரும் காணாம பூட்டாரா?”

“சேச்சே. அவரு குளிச்சிகினு கீறாரு.”

கடற்கரையே சிரித்தது. என் பக்கத்தில் சுண்டல் தின்றுகொண்டிருந்தவர்கள் என் மஞ்சள் சுடிதாரை மேலும் கீழும் பார்த்தார்கள். ஓடிப்போய் அத்தை முன்னால் நின்றிருக்க வேண்டும். நானோ ஒரு இளநீர் வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அடுத்து அத்தையே மைக்கை வாங்கிவிட்டார். “எங்கூட்டுக்காரர் பேரு கொண்ட பொண்ணே! எங்கம்மா கீற? மைக்காண்ட வந்துடும்மா!”

நான் இன்னும் கொஞ்சம் குனிந்தேன். அப்போது பந்தலில் யாரோ சொன்னது மைக்கில் கேட்டது. “அந்தாண்ட மஞ்ச சுடிதார் பொண்ண அலை இழுத்துகினு பூட்ச்சாமே!” (அலை இழுத்தது யாரோ ஒருத்தியின் துப்பட்டாவை மட்டும். அது பிறகுதான் தெரிந்தது.)

மைக்கில் கூடை கீழே விழும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு அலறல்.

“ஜோதீ!”

அத்தையின் குரல் என்று எனக்கே முதலில் தெரியவில்லை.

“அடியே ஜோதி! எங்கடி கீற? உன் பேர சொல்லிட்டேன்டி! வந்துட்றி கண்ணு!”

குரல் உடைந்து அழுகையானது. என் கொள்கை இளநீர் வண்டிக்குப் பின்னாலேயே கிடக்கட்டும் என்று வெறுங்காலோடு ஓடினேன்.

பந்தலில் எனக்கு முன்னால் ஒரு கும்பலே நின்றது. தலையில் துண்டு கட்டிய பெரியவர், பஞ்சுமிட்டாய் விற்பவர், பெண் போலீஸ், கைக்குழந்தையோடு ஒரு பெண். எல்லாரும் ஜோதி. ஆண் ஜோதிகள் எல்லாருக்கும் தலை நரைத்திருந்தது. பெண் ஜோதிகள் என் வயதை ஒட்டியவர்கள். குழந்தை ஜோதி ஒன்றுகூட இல்லை.

“யாருப்பா இதுல மருமக?” என்றான் மைக் இளைஞன், பஞ்சுமிட்டாய்க்காரரைப் பார்த்தபடி.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு, வேட்டியில் தண்ணீர் சொட்டச் சொட்ட, மாமா ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது. “இன்னாச்சி உனுக்கு? என் பேர சொல்ற அளவுக்கு இன்னாச்சி?” என்று அத்தையின் தோளைப் பிடித்து உலுக்கினார். அத்தை அவரைக் கவனிக்கவே இல்லை. என்னைப் பார்த்துவிட்டார். முதுகில் ஒன்று வைத்துவிட்டு, கட்டிக்கொண்டு அழுதார்.

“கூப்ட்டா திரும்ப மாட்டியாடி?”

“பேரு சொல்லி கூப்பிடலையே, அத்தை” என்று நானும் அழுதேன்.

அதுவும் மைக்கில் போயிற்று.

திரும்பும்போது பஸ்ஸில் மாமா ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே வந்தார். கோவளம் தாண்டியதும் சொன்னார். “கல்யாணம் ஆன நாள்லேந்து என்னிய ஒரு தபா பேரு சொல்லி கூப்டல. மருமவள மைக்கு போட்டு கூப்டுது.”

இன்றும் எங்கள் வீட்டில் சாவியைக் காணோம், ரிமோட்டைக் காணோம் என்று தேடினால், “மைக்கு கொண்டாரட்டா?” என்றுதான் கேட்பார்கள்.

அன்றிலிருந்து நான் அந்த வீட்டில் ஜோதி. முதலில் அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் கூப்பிட்டார். பிறகு அதுவும் நின்றது. போன வருடம் எனக்கு மகன் பிறந்தான். வாயில் நுழையாத பெயராக நாங்கள் தேடிக்கொண்டிருந்தபோது அத்தை சொன்னார்.

“ஜோதின்னே வையி.”

“பையனுக்கா? கிண்டல் பண்ணுவாங்க, அத்தை.”

“பண்ணா பண்ணட்டும். அன்னிக்கு வந்த ஆம்பளைங்கள பாத்தியா? எல்லாம் கெழங்க. அதுங்களோட இந்தப் பேரு பூடக்கூடாது.”

பெயர் வைக்கும் நாளில் அத்தை குழந்தையின் காதில் மூன்று முறை “ஜோதி” என்று சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா மெதுவாகத் தன் காதையும் சாய்த்தார்.

“எனுக்கு?”

“பீச்சு பூரா கேட்டுச்சே, உங்களுக்குக் கேக்கலியா?”

“அது மருமவள கூப்டது.”

அத்தை சுற்றும் முற்றும் பார்த்தார். சேலைத் தலைப்பால் வாயை மறைத்துக்கொண்டு குனிந்து சொன்னார். மாமாவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

இப்போதெல்லாம் அடுக்களையிலிருந்து “ஜோதி!” என்று குரல் வந்தால் மூன்று பேர் திரும்புகிறோம். நான் எழுந்திருப்பதற்குள், குழந்தை தவழ்ந்து வருவதற்குள், மாமா போய் நின்றுவிடுகிறார்.