இரண்டு நாள் பிந்திப் பிறந்த இன்ஜின்

பழைய காருக்கு இன்ஜின் தேடுகிறவர்களில் இரண்டு இனம் உண்டு. ஓட்டுவதற்காகத் தேடுகிறவர்கள் முதல் இனம். வாங்குவார்கள், மாட்டுவார்கள், போய்விடுவார்கள். நாம் பார்க்கப்போவது மற்றதை: பொருத்தம் பார்ப்பவரை. ஜோசியராவது பத்தில் ஆறு பொருந்தினால் தலையாட்டிவிடுவார். இவரிடம் அந்தத் தாட்சண்யம் கிடையாது.

ஒஹாயோவில் சோளக் காட்டுப் பக்கம் இருக்கும் வெண்டல் க்ரோகரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய 1970-ஆம் வருடத்துக் கார் பதினோரு ஆண்டுகளாகக் கொட்டகையில் நிற்கிறது. கத்தரிப்பூ நிறம், கறுப்புக் கோடு, அந்தக் காலத்து நூலால் தைத்த சீட்டு, அந்தக் காலத்து மறையாணி, அந்தக் காலத்து விளக்கு. என்ன குறை? இன்ஜின் இல்லை. முதல் சொந்தக்காரன் தெருப் பந்தயத்தில் அதை வெடிக்கவைத்துவிட்டான்.

முன்மூடிக்கு அடியில் காலியாகக் கிடக்கும் அந்தப் பள்ளத்தில் உட்கார, 'பெரிய பிளாக்' என்கிற லட்சணமான ராட்சத இன்ஜின் வேண்டும். இரும்பில் பதிந்திருக்கும் வார்ப்பு எண் சரியாக இருக்க வேண்டும். அத்தோடு, பக்கத்திலேயே பதிந்திருக்கும் வார்ப்புத் தேதியும். கார் தொழிற்சாலையை விட்டு வந்தது பிப்ரவரி ஒன்பது, திங்கட்கிழமை. இன்ஜின் அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் வார்க்கப்பட்டிருக்க வேண்டும். பத்து வாரம் என்றால் கிழம்.

மகள் ஜனெல் பன்னிரண்டு வயதிலேயே சொல்லியிருந்தாள், கல்யாணத்தன்று இந்தக் காரில்தான் சர்ச்சுக்குப் போவேன் என்று. இதற்குள் அவளுக்கு மாப்பிள்ளையே கிடைத்துவிட்டான். ஜூன் மாதம் கல்யாணம்.

ஏப்ரலில், பொருட்காட்சி மைதானத்து உதிரிபாகச் சந்தையில், டுவெய்ன் என்பவன் தார்ப்பாயை விலக்கினான். அடியில் ஒரு பெரிய பிளாக். அதே எண். வெண்டல் மண்டியிட்டார், கம்பித் தூரிகையால் தேய்த்தார், பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடியை இடுக்கில் நுழைத்தார், டார்ச் அடித்தார். பிறகு மெல்ல எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார்.

"பிப்ரவரி பதினொண்ணு."

"அதுக்கென்ன?" என்றாள் மனைவி லோர்னா, கையில் காபியோடு.

"கார் வந்தது ஒன்பதாம் தேதி. இது ரெண்டு நாள் கழிச்சுப் பொறந்திருக்கு."

"தலைவரே," என்றான் டுவெய்ன், "மூடியத் திறந்து யாரு பொறந்த நாள் கேக்கப்போறா?"

"எனக்குத் தெரியுமே."

"வெண்டல், நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி என் தேதியெல்லாம் நீ பாத்தியா?" என்றாள் லோர்னா. "ஜூனுக்குள்ள அவ அந்தக் கார்ல ஏறணும். அவ்வளவுதான் கேக்கறேன்."

"தப்பான இன்ஜின்ல அவளை எப்படி அனுப்பறது?"

பக்கத்தில் நின்றிருந்தவள் ராக்ஸேன், வெண்டலின் ஊரிலேயே டிராக்டர் பழுது பார்க்கிறவள். அதே மாடல் கார் அவளிடமும் துருப்பிடித்துக் கிடந்தது. கண்ணாடியும் நுழைக்கவில்லை, டார்ச்சும் அடிக்கவில்லை. "ஓடுமா?" என்று ஒரு கேள்வி. வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஜூன் சனிக்கிழமை காலை க்ரோகர் வீட்டு வாசலில் ஒரு கார் உறுமியது. ஒரு கதவு பச்சை, மற்றது சிவப்பு. "ஏறு கண்ணு," என்றாள் ராக்ஸேன். "உங்கப்பாவோட கார் தயாராகறதுக்குள்ள உனக்குப் பேரப்பிள்ளையே பொறந்துடும்." லோர்னா தானும் ஏறி, கணவரையும் பின்சீட்டில் திணித்தாள்.

சோளக் காடுகளுக்கு நடுவே நேர்ச்சாலை வந்ததும் ராக்ஸேன் மிதித்தாள். பெரிய பிளாக் வாய்திறந்தது. ஜனெலின் முகத்திரை ஜன்னல் வழியே பறந்தது. பன்னிரண்டு வயதுப் பெண்ணைப் போல அவள் சிரித்தாள். வெண்டல் கண்ணை மூடிக்கொண்டார். சத்தம் விலா எலும்பு வரை ஏறியது. பதினோரு ஆண்டுகளாக அவர் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்த சத்தம், ஓர் இழை பிசகவில்லை.

சர்ச் வாசலில் இறங்கிய மகள் அவர் கையைப் பிடித்தாள். "எப்படியிருந்துச்சுப்பா?"

"ரெண்டே நாள்தாம்மா," என்றார்.

பாவம் மனிதர் என்கிறீர்கள். நமக்கு அந்தப் பைத்தியமெல்லாம் கிடையாது என்கிறீர்கள். சரி. அப்படியானால் 1970 பிப்ரவரி ஒன்பது உண்மையிலேயே திங்கட்கிழமைதானா என்று இப்போது யார் எழுந்துபோய்ப் பார்க்கிறது?

திங்கள்தான். உட்காருங்கள். கல்யாணம் ஆரம்பிக்கப்போகிறது.