வேகக்காரரின் டயர்கள்

"ரெண்டு மாசம்கூட ஆகலியே, மினாகுச்சி-சான். இந்த டயரை என்ன பண்ணினீங்க?"

தூக்கி நிறுத்திய சிவப்புக் காருக்கு அடியில் நின்றபடி கேட்டார் டயர் கடைக்காரர் இனுசுகா. முன்சக்கரங்களின் வெளி விளிம்பு, பூனை நக்கிய வெண்ணெய் மாதிரி வழவழவென்று தேய்ந்து கிடந்தது.

மினாகுச்சி தலையைச் சொறிந்தார். அறுபத்து நாலு வயது. ஜப்பானின் ஒதவாரா நகரில் மீன் கேக் கம்பெனியில் சரக்கு அனுப்பும் வேலை. வார நாட்களில் ரயிலில்தான் போவார். ஞாயிறு காலையில் மட்டும் மனைவி கியோமியைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஹகோனே மலைச்சாலையில் ஒரு சுற்று.

"ஞாயித்துக்கிழமை மட்டுந்தானே ஓட்டறேன்!"

"வாரத்துல ஒரு நாள் ஓட்டியே இப்படியா?" இனுசுகா மரியாதையாகக் குனிந்தார். "வளைவுல நீங்க எந்த வேகத்துல திரும்பறீங்கன்னு இந்த விளிம்பே சொல்லுது. லேசுப்பட்ட கை இல்லை உங்களுது."

மினாகுச்சிக்கு நெஞ்சு விரிந்தது. தான் வேகக்காரன் என்பது அவருக்கு வாலிபத்திலேயே தெரியும். அதை இன்னொருவர் வாயால் கேட்கத்தான் இத்தனை வருஷம் ஆயிற்று.

கடையின் புது ரப்பர் வாசனை அவரை 1985-க்கே இழுத்துக்கொண்டு போனது. அந்த இலையுதிர் காலத்திலும் இதே ரகச் சிவப்புக் கார், இருவர் மட்டும் உட்காரக்கூடியது. பக்கத்தில் இருபத்திரண்டு வயது கியோமி ஆரஞ்சு உரித்து, சுளை சுளையாக அவர் வாயில் ஊட்டிக்கொண்டு வந்தாள். மேலே ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, "பயந்துட்டியா?" என்று கேட்டார்.

"இல்லையே. நீங்க ஓட்டறப்போ தாலாட்டற மாதிரி இருக்கு," என்றாள்.

அடுத்த வாரமே கல்யாணத்துக்குக் கேட்டுவிட்டார். மகள் பிறந்ததும் அந்தக் காரை விற்றார்கள். போன வருஷம் மகளுக்குக் கல்யாணம் ஆனது. வீடு சட்டென்று பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. அதே ரகத்தில் ஒரு பழைய காரை ஊர் ஊராகத் தேடி வாங்கி வந்தார். கியோமி அதைச் சுற்றி வந்தாள். சக்கரத்தைத் தொட்டாள். கண் கலங்கி உள்ளே போய்விட்டாள்.

"உங்க கைக்கு இதுதான் சரி," என்று இனுசுகா ஒரு டயரை உருட்டி வந்தார். "பந்தய டயருக்குத் தம்பி முறை. தெருவுல ஓட்டவும் அனுமதி உண்டு. சூடாயிட்டா ரோட்டை விடாது."

ஞாயிறு மலையில் அந்த டயர் ரோட்டை மட்டுமா விடவில்லை? வழியில் கிடந்த சரளைக் கற்களையும் விடவில்லை. ஒவ்வொன்றையும் பொறுக்கியெடுத்து, சக்கரத்துக்கு மேலே இருந்த தகட்டில் படபடவென்று பொரி பொரித்தது. உள்ளே பேசினால் கேட்கவில்லை.

"காலையில ஜில்லுன்னு இருக்கறப்போ முதல் ரெண்டு வளைவுல பிடிக்காது. கொஞ்சம் சூடேறணும்," என்று கியோமி கத்தினாள்.

"என்ன?"

"சத்தமா இருக்குன்னேன்!"

மூன்றே வாரத்தில் அதுவும் வழுக்கையாகிவிட்டது. மறுபடி கடைக்குப் போனார். இந்த முறை இனுசுகா கைகட்டி நின்றார். பக்கத்துப் பட்டறைக்காரர்களும் வந்து டயரைத் தடவிப் பார்த்தார்கள்.

"மீட்டர்ல மூணு வாரத்துக்குள்ள ரெண்டாயிரம் கிலோமீட்டர் காட்டுதே?" என்றார் இனுசுகா.

வீட்டில் இதைச் சொன்னபோது கியோமி முள்ளங்கி சீவுவதை நிறுத்தவில்லை. "நாப்பது வருஷ வண்டி. மீட்டருக்கும் வயசாகாதா? எனக்கே போன வாரம் சாவியை எங்க வெச்சேன்னு தெரியல."

அதுவும் நியாயம்தான். ஆனால் கம்பெனியில் தன் டயர்கள் மூன்று வாரத்தில் தேய்ந்த கதையை மினாகுச்சி எல்லாரிடமும் சொல்லிவிட்டார். "வேகக்காரர் வர்றார்" என்று இளசுகள் வழிவிட்டு நின்றார்கள். பெருமை ஒரு பக்கம். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை டயர் மாற்றுவது இன்னொரு பக்கம். கடைசியில், எளிதில் தேயாத கெட்டி ரப்பராகப் பார்த்துப் போடச் சொன்னார்.

"உங்க கைக்கு இது பத்தாது," என்று இனுசுகா கெஞ்சினார்.

அந்த ஞாயிறு மழை. மூன்றாவது வளைவில், முப்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில், கார் மெதுவாகப் பின்பக்கத்தை முன்னால் கொண்டுவந்து, சாலையோர ஹைட்ரேஞ்சியாப் புதருக்குள் உட்கார்ந்துகொண்டது. நீலப் பூக்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தன. மினாகுச்சி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடியே குனிந்திருந்தார்.

கியோமி மடியில் விழுந்த பூவைத் தட்டிவிட்டாள். "அடி ஒண்ணும் படலியே? வேகம் ஜாஸ்திங்க."

அந்த வார்த்தையில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மறுநாள் கடைக்குக் கியோமியும் வந்தாள். டயர் வரிசையை ஒரு தடவை பார்த்தாள். "இது நல்லா இருக்கும்ங்க," என்று ஒன்றைத் தொட்டாள்.

"கோலம் பாத்துப் புடவை எடுக்கற மாதிரி டயர் எடுக்கக்கூடாதுடி!"

இனுசுகா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "பதினாலு அங்குலத்துல இப்ப வர்றதே நாலஞ்சு ரகம். அதுல மழைக்கும் வெயிலுக்கும் பொதுவா நிக்கறது இது ஒண்ணுதான். பக்கச் சுவரும் கெட்டி. அம்மா குருட்டாம்போக்குல தொட்டாலும் சரியாத்தான் தொட்டிருக்காங்க."

அடுத்த ஞாயிறு கார் பட்டு மாதிரி போனது. மினாகுச்சி பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினார். கியோமி தூங்கிப்போனாள்.

புதன்கிழமை கம்பெனியில் ஓட்டுநர் வரவில்லை. மலைமேல் விடுதிக்கு மீன் கேக் பெட்டிகளை வேனில் கொண்டுபோக மினாகுச்சியே கிளம்பினார். தலையில் கம்பெனித் தொப்பி, வாயில் முகமூடி. மலைச்சாலைச் சுங்கச் சாவடியில் நிறுத்தியபோது, மேலேயிருந்து ஒரு சிவப்புக் கார் வளைவை வழித்துக்கொண்டு இறங்கி, எதிர்ப் பாதையில் சாவடியைத் தாண்டிப் போனது. சூடான ரப்பர் வாசனை வேனுக்குள் வந்தது. நம்பர் பலகை அவருடையது.

"திருடன்! என் கார்! போலீசைக் கூப்பிடுங்க!"

சாவடியில் இருந்த கிழவர் தொகாஷி அசையவில்லை. "திருடனா? அது கியோமி-சான். வாரத்துல மூணு நாள் வருவாங்க. இந்த மலையில அவங்களைத் துரத்திப் பிடிச்ச ஆள் இன்னும் பொறக்கல."

"கியோமி... என் பெண்டாட்டி!"

தொகாஷி எழுந்து, முகமூடிக்கு மேலே தெரிந்த கண்களை உற்றுப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"ஐயையோ, ஞாயித்துக்கிழமை வர்றவரா! தொப்பியில அடையாளம் தெரியல, மன்னிக்கணும். அவங்க எங்க எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்காங்க. 'ஞாயித்துக்கிழமை அவர் ஓட்டிட்டு வருவார், யாரும் முந்திப் போயி அவர் மனசை நோகடிச்சிடாதீங்க'ன்னு. இந்த ஊர்ப் பசங்க அத்தனை பேரும் உங்க பின்னாடியே ஊர்ந்துதான் வர்றாங்க."

பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்தது. மினாகுச்சிக்குக் காதில் விழவில்லை.

"எப்போலேர்ந்து இப்படிச் சொல்லி வெச்சிருக்கா? இந்தக் காரை வாங்கினதுலேர்ந்தா?"

"இல்லீங்க," என்றார் தொகாஷி. "எண்பத்தஞ்சுல, நான் இங்க வேலைக்குச் சேர்ந்த புதுசுலயே, 'அவரை யாரும் முந்தாதீங்க'ன்னு சொன்னாங்க. 'நான் கட்டிக்கப்போறவர், ஆனா அவருக்கே இன்னும் தெரியாது'ன்னு."