கோல் கடைசிப் பாடம்

பொய், முழுப் பொய்! விடியும் முன்னே என் மருமகன் தளவாய் ஆண்டாப் ஹில்லில் எவளையோ பார்க்கப் போகிறார் என்று குழாயடியில் பேசுகிறார்களே, அப்படி ஒருத்தி இருந்தால் அவளையும் ஒற்றைக் காலில் நிறுத்திப் பந்து தள்ளச் சொல்லியிருப்பார்; அவள் மறுநாளே ஊரைவிட்டு ஓடியிருப்பாள். மாதுங்கா மைதானத்தில் தாராவிப் பையன்களுக்குக் கால்பந்து பழக்கத்தான் போகிறார். அதுவும் சும்மா.

இந்தச் சும்மா சொல்லிக்கொடுக்கிற இனத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காசு வாங்குகிற வாத்தியாரென்றால் காசை நிறுத்தி அனுப்பிவிடலாம். சும்மா வருகிறவரை எதைச் சொல்லி நிறுத்துவது?

பந்து வந்தால் உள்பாதத்தால் நிறுத்து, நிறுத்தியதைத் தள்ளு, தள்ளியதை மறுபடி நிறுத்து என்று தோல் கம்பெனியில் வேலைக்குச் சங்கு ஊதும்வரை கத்துவார். போதாதென்று, துணி எடுக்க எங்களைத் தாதருக்குக் கூட்டிப்போன அன்று, டிராமுக்கு நின்ற ஒரு குஜராத்தி அம்மாளின் பையிலிருந்து உருண்ட ஆரஞ்சை உள்பாதத்தால் நிறுத்தி, அதை எடுக்கக் குனிந்தவளுக்கு, முட்டி எப்படி மடங்கவேண்டும் என்று அரைகுறை இந்தியில் பாடமும் நடத்தினார். கோல் அடிப்பது? அது கடைசிப் பாடம். கடைசி எப்போது வரும்? கேட்கக் கூடாது.

பெரிய பையன் சொரிமுத்து கேட்டுவிட்டான், எங்கள் வாசலிலேயே வந்து.

"அண்ணாச்சி, செம்பூர்க்காரனுவ ஞாயித்துக்கிழமை மேட்சுக்குக் கூப்பிடுதானுவ. போவமா?"

"ஏல, நிப்பாட்டத் தெரியாம ஆடப் போறியளோ?"

"மழைக்கு முந்தியிருந்து நிப்பாட்டிக்கிட்டுத்தான அண்ணாச்சி இருக்கோம்! நீங்க வரலைன்னா நாங்களே போறோம். பொறவு காலைல எங்களத் தேடாதிய."

அவன் போனபிறகு மருமகனுக்குச் சோறு இறங்கவில்லை. தோற்றால் "இவ்வளவுதானா பழக்கினது?" என்பார்கள், ஜெயித்தாலோ, இனி இவர் எதற்கு? இந்த இனத்துக்கு உள்ளுக்குள் இருப்பது இந்தப் பயம்தான். வாய் மட்டும், "அடிப்படை இன்னும் சரியாகல" என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பையன்கள் கூச்சல் போட்டுக்கொண்டு எங்கள் வாசலைக் கடந்து போனார்கள். இவர் பாயில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார்.

"இன்னைக்காவது வீட்டுல கெடக்கட்டும்மா, விடு" என்றாள் என் மகள் சண்முகவடிவு.

விடுகிற ஆளா நான்?

"மருமவனே, பயலுவ தோத்துட்டா என்ன செய்வானுவ?"

"அழுவானுவ அத்தே. செம்பூரானோட கட்டிப் புரளுவானுவ."

"அப்ப தோக்கவும் தெரியாதா? அத ஆரு சொல்லிக்குடுக்கது?"

அவ்வளவுதான். ஒரு பாடம் விட்டுப்போயிருக்கிறது என்று காதில் விழுந்ததும் மனிதர் துள்ளி எழுந்தார். சட்டையின் உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு, செருப்பைக்கூடத் தேடாமல் வாசலைத் தாண்டிப் போயே போய்விட்டார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். அப்படியே, பிள்ளையின் சைக்கிள் பின்சீட்டைப் பிடித்திருக்கிறீர்களே, அந்தக் கையையும் கொஞ்சம் எடுங்கள். அவனுக்கு மீசை முளைத்துவிட்டது.