இரண்டாவது கியரின் சுகம் குறித்து அண்ணனுக்கு

தூத்துக்குடி,
14-5-1946, செவ்வாய்.

கர்த்தருக்குள் பிரியமான சுந்தர்சிங் அண்ணனுக்கு, தங்கை இன்பமணி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

இவ்விடம் அப்பா, அம்மா, நான், ஆடு ஆகிய நால்வரும் தேவ கிருபையால் சுகம். மோட்டார் சைக்கிள் சுகமில்லை. அவ்விடம் ரங்கூனில் உங்கள் சுகத்துக்கு எழுத வேண்டியது. இதைச் சம்பிரதாயத்துக்காகக் கேட்கவில்லை. உங்கள் கடைசி நான்கு கடிதங்களில் உங்கள் சுகத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. இரண்டாவது கியரின் சுகத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள் இருந்தன. உங்களுக்குக் காய்ச்சல் வந்துபோனதைச் சித்தப்பாவுக்கு வந்த கடிதத்தில் படித்துத்தான் அம்மா அழுதார்கள்.

போன வருஷம் பட்டாள லீவு முடிந்து ரயில் ஏறியபின் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி நீங்கள் சொன்னதை மறந்திருக்க மாட்டீர்கள். "ஏளா இன்பம், நான் திரும்பி வாரப்போ வண்டி ஓடணும். ஓடிச்சின்னா அப்பாட்ட பேசி உன்னை மெட்ராசுக்கு பி.ஏ. படிக்க அனுப்புதேன்." ரயில் நகர்ந்துவிட்டதால் நான் பேரம் பேச முடியவில்லை. நம் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். சட்டைத் துணியானாலும் பாட்டுப் புத்தகமானாலும் நான் உங்களிடம் சொல்வேன், நீங்கள் அப்பாவிடம் சொல்வீர்கள், அப்பா "பாப்போம்" என்று உங்களிடம் சொல்வார்கள், அது எனக்கு வந்து சேரும். பத்தொன்பது வருஷத்தில் நான் அப்பாவிடம் நேராக ஒன்றும் கேட்டதில்லை. கல்லூரி விண்ணப்பம் என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. அதில் அப்பா கையெழுத்துப் போட்டு ஜூன் ஐந்தாம் தேதிக்குள் சென்னைக்குப் போய்ச் சேர வேண்டும். நீங்கள் வருவது மே முப்பது. ஆகவே நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லிவிட்டுப் போனபடி ஒவ்வொரு சனிக்கிழமையும் கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு, வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டார்ட் செய்து, பெட்ரோல் டாங்கியின் பக்கத்திலுள்ள கியர்க் கம்பை ஒன்று, இரண்டு, மூன்று என்று தள்ளி, மறுபடி மூன்று, இரண்டு, ஒன்று என்று இழுத்துக்கொண்டிருந்தேன். அந்த வண்டிக்கும் எனக்கும் ஒரே வயது. இரண்டு பேரும் கொல்லையை விட்டு நகராமல் மூன்று கியரும் ஓடிக்கொண்டிருந்தோம். பிப்ரவரி மாதம் செயின் தொய்ந்து கடகடவென்று சத்தம் போட்டது. அப்பா சைக்கிள் கடை சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சியை அழைத்து வந்தார்கள். அண்ணாச்சி வண்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்துவிட்டு, "ஸார்வாள், ரெண்டு வீலு, ஒரு செயினு. என்னத்த பெரிய மோட்டாரு? நம்ம சைக்கிளுதான், கொஞ்சம் கொழுத்துப்போய் நிக்கி" என்றார். சைக்கிளில் பின்சக்கரத்தைப் பின்னால் இழுத்துச் செயினை இறுக்குவது போல, இதில் கியர்ப் பெட்டியையே ஒரு விரற்கடை பின்னால் தள்ளி இறுக்கிவிட்டார். கடகட சத்தம் போயிற்று. அடுத்த சனிக்கிழமை இரண்டாவது கியரும் போயிற்று. கம்பை இரண்டில் வைத்தால் ஒரு நிமிஷம் நிற்கும். பிறகு கழுதை உதைப்பது போலத் துள்ளி வெளியே வந்து என் மணிக்கட்டில் அடிக்கும். "அண்ணாச்சி, இரண்டாவது கியர் நிற்கமாட்டேன் என்கிறது" என்று சொல்லி அனுப்பினேன். "மூணாவதுல போகச் சொல்லுங்க" என்று பதில் வந்தது.

வண்டியோடு வந்த ஆங்கிலக் கையேட்டை நான் ஆறு முறை படித்திருக்கிறேன். மனப்பாடமாகவே சொல்வேன். ஆனால் கியரைப் பற்றிய இரண்டு பக்கங்களை மட்டும், உங்களுக்கு இதை விற்றுவிட்டுக் கப்பலேறிய அந்த மில் துரை கிழித்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அவருக்கும் ஏதோ கஷ்டம் இருந்திருக்கிறது.

இதற்கிடையில் அடுத்த சந்து கஸ்பார் ஓடாவி மாமா நம் கோழிக்கூட்டுக் கதவைச் சரிசெய்ய வந்தார். தோணி கட்டுகிறவருக்குக் கோழிக்கூடு எம்மாத்திரம். கால்மணி நேரத்தில் முடித்துவிட்டு வண்டியைப் பார்த்தார். கீழே எப்போதும் போல எண்ணெய் சொட்டியிருந்தது.

"ஏளா, இது ஒழுகுது."

"அது எப்பவும் ஒழுகும் மாமா. இப்ப கியர்தான் விழுது."

"விழத்தான செய்யும். ஒழுகுத தோணில நங்கூரமே நிக்காது, உன் கியரா நிக்கும்? ஒழுகுற இடத்துல தண்ணி உள்ள ஏறும் பாத்துக்க."

"தண்ணி எங்கன இருக்கு? இது தரையிலல்லா ஓடுது?"

"இன்னைக்குத் தரை," என்றார் மாமா, நான் ஒன்றும் தெரியாதவள் என்பது போல. "முத்துக் குளிக்கச் சலாபத்துக்குப் போன தோணியெல்லாம் நான் அடைச்சது. ஒரு பொட்டுத் தண்ணி ஏறுனதுன்னு எவனையாச்சும் சொல்லச் சொல்லு."

நான் புத்தகம் வாசிக்கிறவள். கைத்தொழில் தெரிந்தவர்கள் உறுதியாகப் பேசினால் எனக்கு வாய் அடைத்துவிடும். மாமா உளியும் மரச்சுத்தியும் கொண்டுவந்து, பஞ்சைத் திரித்துக் குங்கிலியத்தில் தோய்த்து, தோணிப் பலகை இடுக்கில் அடிப்பது போலவே கியர்ப் பெட்டியில் இடுக்கு என்று கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் அடித்து இறுக்கி, மேலே சுறா எண்ணெயும் பூசிவிட்டார். கியர்க் கம்பிலிருந்து இறங்குகிற நெட்டுக் கம்பி, பெட்டிக்கு வெளியே உள்ள ஒரு சிறு கையைப் பிடித்து அசைக்கும் அல்லவா, அந்தக் கை அசைய வேண்டிய பிளவையும் விடவில்லை. "இனி விழவே விழாது" என்றார். உண்மைதான். அன்றிலிருந்து கியர் விழவில்லை. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இரண்டில் நின்றது நின்றதுதான். அன்று சாயங்காலம் சுறா எண்ணெய் வாசத்துக்குப் பூனைகள் வந்தன. நம் தெருவில் பூனைகள் உண்டு என்று தெரியும். இத்தனை என்று தெரியாது. சீட்டின் மேல் படுத்திருந்த ஒரு சாம்பல் பூனை என்னைப் பார்த்த பார்வையில், வண்டி அதனுடையது என்று எனக்கே தோன்றிவிட்டது.

அப்பாவின் பள்ளிக்கூடம் கோடை விடுமுறைக்கு மூடுகிற அன்று, பெரிய பேனா, முத்திரை, பதிவேடுகள் எல்லாவற்றையும் கொண்டுபோக வேண்டும் என்று அப்பா வண்டியிலேயே போவதாகச் சொன்னார்கள். நான் கியர் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். நேராகச் சொல்லிப் பழக்கமில்லை. அம்மாவிடம் சொன்னேன், அம்மா சொல்வதற்குள் அப்பா ஏறிவிட்டார்கள். கியரில் மாட்டிக்கொண்ட வண்டி உதைத்தால் கிளம்பாது, யாராவது தள்ள வேண்டும். ஓடாவி மாமாவும் அவர் வீட்டு அல்போன்சா மாமியும் நானும் தள்ளினோம். கிளம்பியது. சைலன்சர் மேல் வழிந்திருந்த குங்கிலியம் சூட்டில் புகைய ஆரம்பித்தது. தெரு முழுக்கப் பூசை வாசம். அல்போன்சா மாமி தன்னையறியாமல் சிலுவை போட்டுக்கொண்டார்கள். நம் அப்பா, கத்தோலிக்கப் பழக்கம் என்று சாம்பிராணி என்ற சொல்லையே வீட்டில் அனுமதிக்காதவர்கள், புகைக்கு நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்து, பின்னால் ஐந்து பூனைகள் ஓடிவர, கடற்கரைப் பக்கம் போனார்கள். பள்ளி வாசலில் நிறுத்தியதும் வண்டி அணைந்துவிட்டது. திரும்பி வருவதற்கு ஆசிரியர்கள் மூன்று பேர் தள்ளினார்களாம். தமிழ் வாத்தியாருக்கு ஒரு செருப்பு அறுந்தது. வீட்டுக்கு வந்ததும் அப்பா, வண்டியிலிருந்த ஸ்பானர் பையை எடுத்துத் தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்கள். "மாசக் கடைசியில இதை மாட்டுவண்டில ஏத்தி நாசரேத்துக்கு அனுப்பிருதேன், அங்க ஊர்ல கிடக்கட்டும். அவன் வந்தா நான் பேசிக்கிடுதேன். இனி ஒருத்தரும் இதைத் தொடாண்டாம்."

அதன்பின்னும் தொட்டேன். நேற்றும் இன்றும் கொண்டை ஊசியால் குங்கிலியத்தைக் கிளறி எடுத்தேன். பிளவு திறந்ததும் சிறு கை அசைந்தது. அப்போதுதான் பார்த்தேன். மேலே கம்பு இரண்டில் நிற்கும்போது கீழே கை இரண்டுக்கு வந்து சேரவில்லை. ஒரு நெல்மணி அளவு குறைகிறது. அண்ணாச்சி பெட்டியைப் பின்னால் தள்ளினார். நடுவிலுள்ள நெட்டுக் கம்பியை நீட்டவில்லை. அவ்வளவுதான். பெட்டிக்குள் ஒரு பழுதும் இல்லை. மேலே இருப்பவர் சொல்வது கீழே இருப்பவருக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. கம்பியின் நுனியில் மரை இருக்கிறது. ஸ்பானர் இருந்தால் நாலு சுற்றுச் சுற்றிப் பார்க்கலாம். ஸ்பானர் மேசை இழுப்பறையில். சாவி அப்பாவின் சட்டைப் பையில். கேட்க வேண்டும்.

அண்ணா, எனக்கு அசதியாக இருக்கிறது. ஒரு வருஷமாக இந்த வண்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து கையெல்லாம் கறுத்துவிட்டது. பாதியில் விட்ட புத்தகங்கள் பதினொன்று. நீங்கள் வரும்போது வண்டி ஓடாது. ஒருவேளை வண்டியே இருக்காது. ஒப்பந்தப்படி நான் தோற்றவள்தான். ஆனாலும் நீங்கள் வந்திறங்கிய அன்றே, கியரைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், அப்பாவிடம் எனக்காக ஒரு வார்த்தை பேசுங்கள். உங்களைத் தவிர எனக்கு வேறு வாய் இல்லை.

அப்பாவும் அம்மாவும் தங்கள் ஆசீர்வாதத்தைச் சொல்லச் சொன்னார்கள். ஓடாவி மாமா, "அவன் வார கப்பல் ஒழுகுதான்னு கேட்டு எழுதச் சொல்லு" என்றார். கர்த்தர் உங்களைக் காய்ச்சலுக்கும் கடற்காற்றுக்கும் விலக்கிக் காத்து, முழு மேனியாக வீடு கொண்டுவந்து சேர்ப்பாராக.

அன்புள்ள தங்கை,
இன்பமணி.

பின்குறிப்பு, 16-5-1946, வியாழன்:

மேலே எழுதியது எதையும் மனதில் வைக்க வேண்டாம். கடிதத்தை ஒட்டப் பசை தேடி அப்பாவின் அறைக்குப் போனேன். அப்பா உள்ளே இருந்தார்கள். என்ன வேண்டும் என்று கேட்டார்கள். பசை என்று சொல்ல வாயைத் திறந்தேன். "ஸ்பானர்" என்று வந்துவிட்டது. அப்பா என்னைப் பார்த்தார்கள், சாவியை எடுத்துக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். மரையை நாலு சுற்று அல்ல, மூன்றரைச் சுற்றுச் சுற்றினேன். இரண்டாவது கியர் போய் உட்கார்ந்த சத்தம், பெட்டியின் பூட்டு விழுவது போல அப்படியே சுத்தமாகக் கேட்டது. நிமிர்ந்தால் அப்பா பின்னால் நிற்கிறார்கள். வண்டியில் ஏறி, ஒன்று, இரண்டு, மூன்று என்று கடற்கரை வரை போய்த் திரும்பி வந்தார்கள். முகத்தில் காற்று அடித்த களை.

"இதுக்காகவா ஒரு வருஷமா கிடந்து மல்லுக்கட்டுன?"

"இதுக்காக இல்ல. மெட்ராசுக்கு." விண்ணப்பத்தைக் காட்டினேன்.

"என்ட்ட கேக்கதுக்கு என்னளா?"

"அண்ணன் கேப்பாங்கன்னு..."

"அவன் எதுக்கு? காலேஜிக்கு அவனா போறான்?"

அங்கேயே, சீட்டின் மேல் வைத்து, கையெழுத்துப் போட்டார்கள். கொஞ்சம் சுறா எண்ணெய் ஒட்டியிருக்கிறது. கல்லூரியில் பூனை இருக்காது என்று நம்புகிறேன்.

ஆகவே நீங்கள் அப்பாவிடம் எனக்காகப் பேச வேண்டியதில்லை. மாட்டுவண்டியும் வராது. ஞாயிற்றுக்கிழமை அப்பா நாசரேத்துக்கு இதிலேயே போகிறார்கள். அடுத்த வாரம் சாத்தான்குளம், அதற்கடுத்து ஏரல் என்று பட்டியல் வைத்திருக்கிறார்கள். சாவியும் ஸ்பானரும் மறுபடி சட்டைப் பையில். வண்டியை இப்போது "நம்ம வண்டி" என்கிறார்கள். நம்ம என்பதில் நீங்கள் இருப்பதாகத் தெரியவில்லை.

அது உங்களுக்குத் திரும்ப வேண்டுமென்றால் சொல்லுங்கள், நான் அப்பாவிடம் பேசிப் பார்க்கிறேன். ஆனால் ஒன்று. என் டிரங்குப் பெட்டிப் புத்தகங்களை நீங்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் வெளியே எடுத்து, வெயிலில் விரித்து, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி வைக்க வேண்டும். நான் திரும்பி வரும்போது ஒன்றிலும் செல் அரித்திருக்கக் கூடாது.