வசுமதி விட்ட ஷட்டில்

"முன்னாடி விழறதும் உங்களோடது, பின்னாடி விழறதும் உங்களோடது. நடுவுல நான் எதுக்கு ஆன்ட்டி? நெட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கவா?" என்று கேட்டுவிட்டு, ஹரிப்ரியா பேட்டை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். போயே விட்டாள்.

வசுமதி அசரவில்லை. கல்பாக்கம் குடியிருப்பின் பெண்கள் இரட்டையர் கோப்பை ஆறு வருஷமாக அவள் வீட்டு டிவி பக்கத்தில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி போட்டி. எதிரணி காயத்ரி, கோப்பையை வைப்பதற்கென்றே புது ஷோகேஸ் வாங்கியிருந்தாள்.

"எனக்கா பார்ட்னர் கிடைக்காது?"

"கிடைப்பாங்க" என்றார் கணவர் பாலசுப்ரமணியன், பேப்பரை விட்டுத் தலையெடுக்காமல். "நீ அவங்களைக் கோர்ட்டுக்குள்ள விடணும்."

காய் வாங்கப் போகும்போது ஆட்டோக்காரர் செங்கல்வராயன்தான் பேச்சை எடுத்தார்.

"மேடம், மாமல்லபுரத்துல ஒரு வெள்ளக்காரப் பொண்ணு ரூம் எடுத்துகினு கீது. ஹாலந்தாம். ஷட்டில்ல பெரிய ஆளாம். சும்மா கடலப் பாத்துகினு குந்திகினு கீது."

"வண்டியைத் திருப்புங்க."

"காய் மேடம்?"

"காய் எங்கயும் ஓடிடாது."

அவள் பெயர் மரைக்கே. முப்பதைத் தாண்டியிருப்பாள். வலது முட்டியில் நீளமான தையல் தழும்பு. இருவருக்கும் நடுவே இங்கிலீஷ் ஓடியது.

"எட்டு வயசுல ஆரம்பிச்சேன். பத்து வருஷம் நெதர்லாந்து டீம். ரெண்டு தடவை தேசிய சாம்பியன். ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி வாங்கற நேரத்துல முட்டி போயிடுச்சு."

"அப்புறம்?"

"ஆபரேஷன். அதுக்கப்புறம் ஒரு சின்ன கிளப். ஆபீஸ் முடிஞ்சு வர்றவங்களோட வியாழக்கிழமை மட்டும் ஆடுவேன். என் வாழ்க்கையிலயே எனக்குப் பிடிச்ச ஆட்டம் அதுதான்."

"ஞாயிற்றுக்கிழமை என்னோட ஆடறியா?"

மரைக்கே யோசிக்கவே இல்லை. "ஆடறேன்."

பெயர் கொடுக்கப் போன இடத்தில் காயத்ரி நின்றிருந்தாள்.

"ரூல் தெரியும்ல? ஊழியர் குடும்பத்துல உள்ளவங்க மட்டும்தான் ஆடலாம்."

"குடும்பம்தான்" என்றாள் வசுமதி. "என் மருமக."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது. அதற்குள் கிளப் செயலாளர் தேவசகாயம் எழுந்து நின்று கைகொடுத்துவிட்டார்.

விஷயத்தைக் கேட்ட மரைக்கே சிரித்தாள். சிரித்துச் சிரித்து, கடைசியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"உங்க மகன் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"நாணுவா? அவன் ஜெர்மனில இருக்கான். நான் யாரைக் கைகாட்டறேனோ அவதான் அவனுக்குப் பொண்டாட்டி. மறுபேச்சே கிடையாது."

"இதை இன்னொரு தடவை சொல்லுங்க. ஞாபகத்துக்குப் பதிவு பண்ணிக்கறேன்" என்று போனை நீட்டினாள்.

வசுமதி இன்னும் கொஞ்சம் கம்பீரமாகவே சொன்னாள்.

மறுநாள் காலை மேரி டீச்சர் கேக்கோடு வந்தாள். அவள் பின்னால் குங்குமச் சிமிழோடும் வெற்றிலைத் தட்டோடும் மொத்த பிளாக்கும் வந்தது.

"எங்களைக் கூப்பிடாம ஒரு கல்யாணமா வசு?"

"ரிஜிஸ்டர் மேரேஜ்தானே. ரிசப்ஷனுக்குக் கூப்பிடாமலா இருப்பேன்?"

"எப்ப?"

"தையில."

மத்தியானம் தேவசகாயம் போன் செய்தார். "தையில நம்ம ஹால் காலியா இருக்கு. உங்க பேர்ல போட்டுட்டேன்."

சாயங்காலம் செங்கல்பட்டிலிருந்து ஒரு போன். நாணுவுக்கு வசுமதி பேசி வைத்திருந்த பெண்ணின் அப்பா. "மருமக வந்தாச்சாமே, காயத்ரி சொன்னாங்க. நல்லா இருக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"ஒரு கோப்பைக்காக ஒரு சம்பந்தம் போச்சு" என்றார் பாலசுப்ரமணியன்.

"கோப்பையை வாங்கின கையோட மைக்கைப் பிடிச்சு உண்மையைச் சொல்லிடறேன். சம்பந்தம் தானா ஒட்டிக்கும்."

"உண்மையைச் சொன்னா கோப்பை காயத்ரிக்கு."

"முதல்ல ஜெயிக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் உட்கார இடமில்லை. தேசிய சாம்பியன் ஒரு பக்கம் ஆடினால் ஆட்டம் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. சாம்பியனுக்குப் போன ஷட்டிலையெல்லாம் வசுமதியே குறுக்கே பாய்ந்து அடித்தாள். பாதி வலையில் விழுந்தது, பாதி கோட்டுக்கு வெளியே போனது.

"மருமகளைக் கொஞ்சம் ஆடவிடுங்க மாமியாரே" என்று பின்வரிசையிலிருந்து ஹரிப்ரியா குரல் கொடுத்தாள்.

கடைசி செட். வசுமதி பக்கம் இருபது, காயத்ரி பக்கம் பத்தொன்பது. இன்னும் ஒரு பாயின்ட். காயத்ரி உயரமாகத் தூக்கி அடித்தாள். ஷட்டில் வசுமதியின் தலைக்கு மேல் பின்கோட்டை நோக்கிப் போனது. அவள் கையை ஓங்கியாகிவிட்டது.

"விடுங்கம்மா."

மரைக்கேயின் குரல். சுத்தமான தமிழ். அதிகாரம் இல்லை, கெஞ்சலும் இல்லை. வசுமதியின் கை தானாகக் கீழே இறங்கியது. ஷட்டில் கோட்டுக்கு விரற்கடை வெளியே விழுந்தது.

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. தேவசகாயம் மைக்கில், "மாமியாரும் மருமகளும்" என்று கோப்பையை நீட்டினார். வசுமதி அதை இடுப்பில் குழந்தை மாதிரி ஏற்றிக்கொண்டாள். அடுத்து மைக் அவள் கைக்கு வந்தது. எதிரே காயத்ரி கைகட்டி நின்றாள். பாலசுப்ரமணியன் புருவத்தை உயர்த்தினார்.

சொல்லத்தான் போகிறாள். சொன்ன வார்த்தை தவறியவள் இல்லை வசுமதி. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, வாசற்படி ஓரம் நின்ற செங்கல்வராயனிடம் ஒன்றை மட்டும் கேட்டாள்.

"விடுங்கம்மான்னு இவளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தது நீங்கதானே?"

செங்கல்வராயன் தலையைச் சொறிந்தார்.

"நானில்ல மேடம், நம்ம நாணு தம்பிதான், அங்க கல்யாணம் ஆன கையோட எனக்கு போன் போட்டு, 'பொண்டாட்டின்னு அப்பால சொல்லிக்கலாம், மொதல்ல எங்கம்மாவுக்கு பார்ட்னராக்கிடு அண்ணாத்த'ன்னாரு."