கோப்பன்ஹேகனில் ஒரு கரண்டித் தூள்

எங்கள் ஆட்கள் ஊர் பார்க்கப் போவதில்லை. ஆட்களைப் பார்க்கத்தான் போவார்கள். வழியில் ஊரும் தென்பட்டால் அது ஊருடைய அதிர்ஷ்டம். பாரிசுக்குப் போய் வந்தவரிடம் அந்தக் கோபுரம் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். "அதுக்கெங்க நேரம்? சித்தி வீட்டை இறால், பெரியப்பா வீட்டை ஆட்டிறைச்சி" என்பார். எண்பதுகளின் கடைசியில், வதிவிடப் பெர்மிற்றும் கிடைத்துக் கலியாணமும் முடித்த திமிரில், இந்த விதியை மாற்றப் புறப்பட்டவன் நான்.

அப்போது சுவிஸில், எம்மன்புரூக்கேயில், ஓர் அறையும் சமைக்க ஒரு குசினியும் உள்ள வீட்டில் இருந்தோம். லூசேர்னில் ஓர் உணவகத்தில் தட்டுக் கழுவுவது என் தொழில். (ஊருக்கு எழுதிய கடிதங்களில் 'ஹோட்டலில் பொறுப்பான வேலை'.) கழுவ வருகிற தட்டைப் பார்த்தே, சாப்பிட்டவர் எந்த நாட்டுக்காரர் என்று சொல்லிவிடுவேன் என மனைவி ரஞ்சியிடம் பெருமையடிப்பேன். பாவம், வேறு பெருமை என்ன இருந்தது எனக்கு?

ரஞ்சி பருத்தித்துறைக்காரி. அலைச்சத்தம் இல்லாமல் நித்திரை வரவில்லை என்பாள். லூசேர்ன் ஏரிக்குக் கூட்டிப் போனேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வடிவாத்தான் இருக்கு. ஆனா இது குளம்தானே? கடல் எங்க?" என்றாள்.

சுவிஸில் கடலுக்கு எங்கே போக? "கடல் காட்டுறன், இருந்து பாரும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். எங்கள் செஃப், கோப்பன்ஹேகனில் கறுப்புப் பாண் ரொட்டியின்மேல் வைத்துத் தருகிற ஹெரிங் மீனைப் பற்றிக் கண்ணை மூடிக்கொண்டு பேசுவார். அங்கேயே போவோம் என்று தீர்மானித்தேன். வெள்ளைக்காரர் மாதிரி ஹோட்டலில் தங்கி, அரண்மனை, கடற்கன்னி சிலை, மீன் சாப்பாடு, கடைசி நாள் கடல்.

"கடலை முதல் வைச்சா என்னப்பா?"

"சுற்றுலா எண்டா ஒரு ஒழுங்கு இருக்கு ரஞ்சி."

ஒரேயொரு சிக்கல். ரஞ்சியின் பெரியம்மா மகன் குகன் அண்ணை கோப்பன்ஹேகனில்தான் இருந்தார். "அவருக்குச் சொல்லாமல் போறது பிழை" என்றாள். "சொன்னா நாங்கள் பாக்கப்போறது அவற்ற சோபாவை மட்டும்தான்" என்றேன். அந்த வாரமே அவர் போன் எடுத்து, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார். "இந்த வருசம் லீவே தரமாட்டினமாம் அண்ணை" என்று பெருமூச்சும் விட்டேன். பக்கத்தில் நின்ற ரஞ்சி தலையில் அடித்துக்கொண்டாள்.

பாசலில் இரவு ரயில் ஏறினோம். ஒழுங்கு பற்றிப் பாடம் எடுத்த இந்த மேதாவிக்கு, அந்த ரயில் கப்பலுக்குள் ஏறித்தான் கடலைக் கடக்கும் என்பது தெரியாது. கப்பலின் வயிற்றுக்குள் குறட்டை விட்டபடி டென்மார்க் போய்ச் சேர்ந்தோம். விடிந்த பிறகு பக்கத்தில் இருந்தவர் சொல்லித்தான் தெரிந்தது. "கடலுக்கு மேலால வந்தும் கடலைக் காணாத ஆக்கள் நாங்கள்தான்" என்றாள் ரஞ்சி.

அரண்மனையில் மழை. கடற்கன்னி சிலையோ, புகழுக்கும் உருவத்துக்கும் சம்பந்தமில்லாமல் ஒரு சின்னப்பிள்ளை அளவில் இருந்தது. அதன் பின்னால் தெரிந்த தண்ணீரைக் காட்டி, "இந்தா கடல்" என்று சமாளித்துப் பார்த்தேன். "இது துறைமுகம். அலை எங்க?" என்றாள். பருத்தித்துறைக்காரியிடம் இதெல்லாம் பலிக்குமா?

செஃப் சொன்ன மாதிரி ஓர் உணவகத்துக்குள் நுழைந்தோம். ஹெரிங் வந்தது. பச்சையாக, குளிராக, சீனியும் வினாகிரியும் சேர்ந்து இனித்தது.

"இஞ்சேருங்கோ, இதை அவிக்க மறந்திட்டினமோ?"

கேட்டபடியே அவள் கைப்பையிலிருந்து சின்ன டின் ஒன்றை எடுத்துத் திறந்தாள். ஊரிலிருந்து அம்மா வறுத்து இடித்து அனுப்பிய மிளகாய்த் தூள். "விசரே உமக்கு? மானம் போகப்போகுது!" என்று பல்லைக் கடித்தேன். அவள் மீனின்மேல் தாராளமாகத் தூவிச் சாப்பிட்டாள். நானும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "எனக்கும் கொஞ்சம் போடும்" என்று தட்டை நீட்டினேன். அப்படியும் முழுக்கச் சாப்பிட முடியவில்லை. பரிசாரகப் பெண் மிச்சத்தோடு தட்டுகளை எடுத்துப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் குசினிக் கதவு படாரென்று திறந்தது. ரப்பர் கையுறை போட்ட ஒருவர், எங்கள் தட்டைக் கையில் ஏந்தியபடி வெளியே வந்தார். தட்டை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, நல்ல தமிழில் உரத்துக் கேட்டார்:

"ஆர் இஞ்ச தூள் போட்டது?"

நான் மெனு அட்டைக்குப் பின்னால் ஒளிந்தேன். (அந்த அறையில் எங்களைத் தவிர எல்லாரும் வெள்ளைக்காரர்.) ரஞ்சி பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கையை உயர்த்தினாள். "நாங்கள்தான் அண்ணை."

"எந்த இடம் பிள்ளை?"

"பருத்தித்துறை."

"அட! என்ர ரூம்காரர் குகன் அண்ணையும் பருத்தித்துறைதான்!"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவனை ஒரு கரண்டித் தூள் காட்டிக்கொடுத்துவிட்டது. நானே தட்டுக் கழுவுகிறவன். ஐரோப்பாவில் எந்த உணவகத்துக் குசினியிலும் எங்கள் ஆள் ஒருவர் நிற்பார் என்பது எனக்கல்லவா முதலில் தெரிந்திருக்க வேண்டும்?

போன் போனது. குகன் அண்ணை மூச்சிரைக்க வந்தார். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "லீவு கிடைச்சிட்டுதோ மச்சான்?" என்று மட்டும் கேட்டார். பிறகு ரஞ்சியிடம் திரும்பி, "அண்ணை ஒருத்தன் இருக்க, நீ ஹோட்டல்ல படுக்கிறியே பிள்ளை?" என்றபோது அவர் குரல் உடைந்தது. எனக்கு வெட்கத்தில் காது சுட்டது.

அதன்பின் நான் கண்ட கோப்பன்ஹேகன் முழுக்க சோபாக்கள். ஒரு வீட்டில் புட்டும் கோழியும், அடுத்த வீட்டில் இடியப்பமும் சொதியும், எல்லா வீட்டிலும் யாரோ ஒருவரின் கலியாண வீடியோ. கடைசி நாளும் வந்தது. கடலைப் பற்றி வாய் திறக்க எனக்கு எந்த முகம் இருந்தது? சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். ரஞ்சி தன் தட்டைக் கீழே வைத்தாள்.

"அண்ணை, கடல் காட்டுறன் எண்டுதான் இவர் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தவர். இன்னும் காட்டேல்லை."

"உதுக்கோ பிள்ளை இவ்வளவு? எல்லாரும் எழும்புங்கோ!"

யாரோ ஒருவருடைய வேன் வந்தது. புட்டுப் பானையோடு எல்லாரும் ஏறினோம். நகரத்துக்கு வெளியே ஒரு கடற்கரை, ஆளைத் தள்ளுகிற காற்று. ரஞ்சி சப்பாத்தைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு, சேலையைத் தூக்கிக்கொண்டு ஐஸ் தண்ணீருக்குள் இறங்கினாள். அலை வந்து முழங்காலில் அடித்தது. சிரித்தாள். பிறகு நின்ற இடத்திலேயே விம்மி அழுதாள். குகன் அண்ணை தன் கோட்டைக் கழற்றி அவளுக்குப் போர்த்தினார். நான் சப்பாத்தோடு கரையில் நின்றேன்.

போன மாதம் மகளின் பிறந்தநாளுக்கு லோசானில் ஓர் உணவகத்துக்குப் போனோம். மீன் வந்தது. ரஞ்சியின் கை மெல்லக் கைப்பைக்குள் போனது.

"அம்மா, தூளை உள்ள வையுங்கோ!" என்றாள் மகள். "குசினிக்குள்ளயிருந்து ஆரும் மாமா வந்திடுவார்."

ரஞ்சி என் பக்கம் திரும்பாமலே டின்னைத் திறந்தாள்.

"வரட்டும். ஆரும் வந்தாத்தானே நான் கடல் பாக்கலாம்."