புயல்வள்ளிக்குத் தொண்டை கட்டியது

“அங்கிள், புயல்வள்ளி ஏன் பதினாறு பக்கமும் வாயே திறக்கல?” என்று தொலைபேசியில் கேட்டாள் பதிப்பகத்துச் சுரேகா.

சபாபதி தூரிகையைக் கீழே வைத்தார். “தொண்டை கட்டிக்கிச்சும்மா. மழைக்காலம்லா.”

“புயலையே கையில பிடிக்கிறவங்களுக்குத் தொண்டை கட்டுமா?”

உண்மையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ‘பாறைமாறன் – புயல்வள்ளி’ சித்திரக்கதைக்கு இருபத்திரண்டு ஆண்டுகளாகப் படம் வரைகிறவர் அவர். பேச்சுக்குப் பொறுப்பு அவர் மனைவி குமுதா. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் பதினான்காம் மாடியில் குடியிருந்துகொண்டு, உலகத்தையும் காப்பாற்றி, பறக்கிற மகளையும் குளிர்பெட்டியைத் தூக்குகிற மகனையும் வளர்க்கிற வீரத் தம்பதியின் கதை. புயல்வள்ளிக்குக் குமுதாவின் முகத்தையே வரைந்திருந்தார், மூக்குத்தியும் மோவாய் மச்சமும் உட்பட. பாறைமாறனுக்குத் தன் முகம். தலைமுடியில் மட்டும் கொஞ்சம் தாராளம்.

குமுதா போய் ஐந்து மாதம். அவள் முடித்துவைத்திருந்த இதழ்களும் தீர்ந்துவிட்டன. பாறைமாறன் பேச்சை அவரே ஒப்பேற்றினார். நாலு வார்த்தைக்கு மேல் பேசாத நிதானஸ்தன் அவன். குமுதா தன்னை எவ்வளவு சரியாகப் புரிந்துவைத்திருந்தாள் என்று சபாபதிக்கு அதில் ஒரு கர்வமும் உண்டு. புயல்வள்ளியின் பேச்சுதான் ஒரு வரிகூட வரவில்லை. குமுதாவின் குரல் இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அந்தப் பேச்சுக் குமிழிகளில் மட்டும்தான். அதுவும் நின்றுபோனால்...

மேலே நினைக்கப் பிடிக்காமல், எழுந்து போய் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்தார். மூடியிருந்தது.

அடுத்த இதழில் குமுதாவை நினைத்து நினைத்து எழுதினார். கோபுர உச்சியில் மகள் மாட்டிக்கொண்டு அலறுகிறாள். “பதறாதே கண்ணு. அம்மா வரேன்” என்கிறாள் புயல்வள்ளி. எழுதும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வாசகர்களுக்குக் கலங்கவில்லை. கிள்ளானிலிருந்து மாரியாயி என்ற வாசகி அனுப்பிய குரல்பதிவைச் சுரேகா போட்டுக் காட்டினாள்.

“யாருங்க இந்தப் பொம்பள? எங்க புயல்வள்ளி இப்படியா பேசும்? ரயிலைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு நின்னப்பகூட, ‘இஸ்திரிப் பெட்டிய அணைச்சோமா’ன்னு புருசனக் கேட்டுச்சே! இது வேற ஆளு. வில்லன் வேசம் கட்டி வந்திருக்கான்!”

“இருநூறு பேர் இதையேதான் சொல்றாங்க, அங்கிள்.”

வீட்டில் குமுதா ஒருநாளும் அப்படிப் பதறியதில்லை. மனதுக்குள் பதறியதை எல்லாம் எழுத்தில் கொட்டியிருப்பாள் போலும் என்று நினைத்துக்கொண்டார். வில்லன் யோசனை மட்டும் பிடித்துப்போயிற்று. அதற்கடுத்த இதழில், வந்தவள் போலிதான் என்று அறிவித்து, பாறைமாறன் கையாலேயே சன்னல் வழியாக வீசியெறிய வைத்தார்.

இப்போது பிள்ளைகளுக்குத் தாய் இல்லை. பறக்கிற மகளைச் சாரோங்கால் நாற்காலியோடு கட்டிவிட்டு, பாறைமாறன் தோசை வார்த்தான். தோசையோடு கல்லும் உடைந்தது. சாலாக் செலாத்தான் பள்ளியில் ஒரு வகுப்பே சேர்ந்து, ‘எங்கள் அம்மாவைத் திருப்பிக் கொடு’ என்று அட்டையில் எழுதிப் பிடித்து, படமெடுத்து அனுப்பியது.

“வெள்ளிக்கிழமைக்குள்ள நிஜப் புயல்வள்ளி வந்தாகணும், அங்கிள்,” என்றாள் சுரேகா. “இல்லன்னா பாஸ் கதையவே நிறுத்தச் சொல்லிட்டாரு.”

வியாழக்கிழமை சபாபதி படங்களைச் சுருட்டிக்கொண்டு, பின்சந்தில் இருக்கும் மார்க்கிரட்டின் தட்டச்சுக் கடைக்குக் கிளம்பினார். முதல் இதழிலிருந்து குமிழிகளுக்கு எழுத்து அடித்தவள் மார்க்கிரட். மின்தூக்கி வரை போய், கிரில் கதவைப் பூட்டினோமா என்று திரும்பி வந்து பார்த்தார். மறுபடியும் போய், மறுபடியும் வந்தார்.

“வாங்கண்ணே. எழுதிட்டீங்களா?”

“ஒரு வரி வரலம்மா. அச்சுக்குப் போகாம குமுதா எழுதி வச்ச தாளு ஏதும் இருக்கா? இருந்தா அதையே போட்டுடலாம்னு வந்தேன்.”

“தாளு ஏதுண்ணே? அக்கா இந்த நாற்காலியில உக்காந்து வாயால சொல்லுவாங்க, நான் அடிப்பேன். அவ்வளவுதான்.”

இருந்த ஒரே வழியும் அடைபட்டது. மார்க்கிரட் படத்தைத் திரையில் ஏற்றினாள். வில்லனின் குகைச் சுவரை உடைத்துக்கொண்டு பாறைமாறன் நிற்கிறான். எதிரே சங்கிலியில் புயல்வள்ளி. அவள் வாயருகே வெற்றுக் குமிழி.

“உள்ள என்ன போட?”

சபாபதி குமுதாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று சட்டைப்பையைத் தட்டினார்.

“ஐயோ, கேஸ மூடினேனா? கிரில் பூட்டினது ஞாபகம் இருக்கு, ரெண்டு தடவ பாத்தேன். அடுப்பப் பாக்கல. பால் வச்சேனே! இல்ல, பால் வாங்கவே இல்ல. அப்ப எதைக் காய்ச்சினேன்?”

மார்க்கிரட் தலை நிமிராமல் தட்டிக்கொண்டே இருந்தாள்.

“நான் இங்க பதறிக்கிட்டு நிக்கிறேன், நீ பாட்டுக்கு என்ன அடிக்கிற?”

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். சங்கிலியில் தொங்கியபடி புயல்வள்ளி புருசனைப் பார்த்துக் கேட்டாள்: ‘ஐயோ, கேஸ மூடினேனா? பால் வச்சேனே! இல்ல, பால் வாங்கவே இல்ல. அப்ப எதைக் காய்ச்சினேன்?’

சபாபதி இரண்டு முறை படித்தார். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறை சிரிப்பு வந்து, சிரிப்போடு கண்ணீரும் வந்தது.

“ஏம்மா, இது நான் இப்ப உளறினதுதானே? அப்படியே குமுதா எழுதின மாதிரி இருக்கே! அது எப்படி?”

மார்க்கிரட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“இருபத்திரண்டு வருசமும் அக்கா, ‘நேத்து எங்க வீட்டுக்காரர் என்ன சொன்னார் தெரியுமா’ன்னு சிரிச்சுக்கிட்டேதான் புயல்வள்ளி பேச்ச ஆரம்பிப்பாங்க. அந்த நாலு வார்த்தைக்கு மேல பேசாத பாறைமாறன்தான்ணே அக்கா.”